லாரிப் பலகையில் சீமாட்டி

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்து உங்களுக்கு எழுதுவது,

நானும் உங்கள் அக்காவும் கடையிலிருக்கும் கிளிகளும் மீன்களும் சௌக்கியம். உங்கள் குதிரை சீமாட்டிக்கும் ஒரு குறைச்சலும் இல்லை. அந்த மலைக்குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறீர்களா, இருமல் நின்றதா என்று முதலில் எழுதவும். போனில் பேசினால் நாம் இருவரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டைக்கு வந்துவிடுகிறோம். உங்கள் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "உங்க சண்டையைக் காகிதத்துல போட்டுக்கோங்க, நானாவது நேரா ஒரு தையல் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி.

லாரி வந்தது, வெறுமனே திரும்பிப் போய்விட்டது. சீமாட்டி இன்னும் கொல்லைப்புறத்தில் கிளித்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். லாரிக்காரர் பின்கதவைத் திறந்து சரிவுப் பலகையை இறக்கினார். சீமாட்டி ஒரு குளம்பை வைத்தாள். டொம் என்று சத்தம். அவ்வளவுதான், காலை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கூட வந்த ஆட்கள் இரண்டு பேரும் பின்பக்கம் கயிற்றைக் கட்டித் தள்ளினார்கள், நான் முன்னால் நின்று இழுத்தேன். இழுக்க இழுக்க அவளும் இழுத்தாள். கடைசியில் இரண்டு காலில் எழுந்து நின்றாளே பார்க்கவேண்டும்! நம் வீட்டு ஓட்டுக்கு மேலே அவள் தலை தெரிந்தது. தள்ளிய ஆட்கள் சந்துமுனைக்கு ஓடிவிட்டார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று நீங்கள் கிளம்பும்போது சொன்னது, என் மணிக்கட்டுத் தோல் உரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மருந்து போட்டாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை.

லாரிக்காரர் நல்ல மனிதர்தான். மழை பிடித்து மலைப்பாதையை மூடுவதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு நடை மேலே போவாராம். "அதுக்குள்ள பழக்கி வைங்கம்மா. ஏறலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொந்தக் குதிரையோடு வருகிறவருக்குத்தான் வேலை நிரந்தரம் என்று உங்கள் புதுச் சவாரிப் பள்ளி முதலாளி கறாராகச் சொல்லியிருப்பது எனக்கு மறக்கவில்லை. சேர்ந்த புதிதில் உங்களுக்கு லீவும் கிடைக்காது. இதற்குள் குதிரைத் தரகருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, மறுநாளே வந்து நின்றார். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். யார் வாயை என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம்விட ஒன்று சொல்லவேண்டும். இத்தனை வருஷமாக உங்களுக்குக் குதிரை, எனக்குக் கடை என்று இருந்துவிட்டோம். அவள் இந்த ஊர்ச் சவாரிப் பள்ளியின் லாயத்தில் இருந்தாள். அதை மூடியபிறகுதான் நீங்கள் இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டு மலையேறினீர்கள். லாரி போன பிறகு நான் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தது. வாலை ஆட்டவில்லை, தலையைத் திருப்பவில்லை. அந்த ஈ இருந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறினாள். அவ்வளவு பெரிய உடம்பில், ஒரு ஈயின் கால் பட்ட இடம் தெரிகிறது! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படிப்பட்ட தோலைத்தான் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கயிறு போட்டுத் தள்ளியிருக்கிறோம்.

எப்படிப் பழக்குவது என்று விவரமாக எழுதுங்கள். கடையை மூடிவிட்டு அதே லாரியில் நீயும் வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை. முதலில் குதிரை.

காது மூடிய தொப்பி ஒன்று உங்கள் அக்கா தைத்துக்கொண்டிருக்கிறார். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கையில் கட்டோடு, உங்கள் வீட்டுக்காரி.


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நமக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு எழுதினீர்களே, அது அரைப்பக்கம்கூடத் தேறாது. குதிரை என்றதும் பக்கம் பக்கமாக! உங்கள் அக்காவிடம் காட்டினேன். "என் தம்பிக்கு இவ்வளவு எழுத வருமா?" என்று வாயைப் பிளந்தார். பொறாமையாக இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் செய்துவிட்டேன். நேராகப் பின்னால் போய் நிற்காதே, தோள்பக்கமாகப் போ, போகும்போதே பேசிக்கொண்டு போ. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டால் அவளும் பிடித்துக்கொள்வாள். பாடம் சின்னதாக இருக்கட்டும், அவள் நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடு. கயிற்றில் லேசான அழுத்தம் மட்டும் கொடு, அவள் உன் பக்கம் இம்மியளவு சாய்ந்தாலும் அந்தக் கணமே தளர்த்திவிடு. தளர்வுதான் அவளுக்குப் பாடம், இழுப்பு அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எழுதியதா என்று கையெழுத்தைக்கூடப் பார்த்தேன்.

சாமான் தேடிய கதையைக் கேளுங்கள். பெயருக்கு நான் பிராணிகளுக்கான சாமான் கடை நடத்துகிறவள். எலிக்குட்டிக்கு ஊஞ்சல்கூட என்னிடம் இருக்கிறது. ஆனால் என் கடையின் மிகப் பெரிய நாய்ப்பட்டை சீமாட்டியின் மூக்கைக்கூடச் சுற்றவில்லை. பழைய முகப்பட்டைதான் லாரி வந்த அன்றைக்கே அறுந்துபோயிற்றே. சவாரிப் பள்ளியின் சாமான்கள் எல்லாம் தரகர் வீட்டில் இருக்கின்றன, அந்தாளிடம் போய் நிற்க எனக்கு மனசில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பை தைக்கிறவரிடம் போனேன். எந்தப் பைக்கு வார் என்று கேட்டார். குதிரை மூஞ்சிக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அளவெடுக்க வீடுவரை வந்தவர், கொல்லைக் கதவிலேயே நின்றுகொண்டு, "நீங்களே அளந்து சொல்லுங்கம்மா, எனக்குக் குடும்பம் இருக்கு" என்றுவிட்டார். பிறகு உங்கள் அக்காதான் முக்காலிமேல் ஏறி, தன் தையல் டேப்பால் காதிலிருந்து தாடைவரை அளந்தார். "கழுத்து இறக்கம் எவ்வளவு வைக்கட்டும், கை வேணுமா வேணாமா" என்று சீமாட்டியையே கேட்டுக்கொண்டு! அவளும் ஆடாமல் அசையாமல் நின்றாள். முகப்பட்டை அவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது.

உடம்பு தேய்க்கத் தரை கழுவுகிற நார்ப் பிரஷ் போதும் என்று எழுதியிருந்தீர்கள், சரிதான், சுகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறாள். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கியை ஜன்னல் கம்பி வேலை செய்கிற பட்டறைக்காரர் வளைத்துக் கொடுத்தார். காய்ந்த புல்லும் நக்குவதற்கு உப்புக்கட்டியும் பால்பண்ணையில் கிடைத்தன. ஓட்ஸ் வாங்கப் போன இடத்தில் மாவுமில்காரர், டாக்டர் யாருக்குச் சொல்லியிருக்கிறார் என்று விசாரித்தார். இந்த அலைச்சலில் ஒரு வேடிக்கை. பூங்காவில் குழந்தைகளை மட்டக்குதிரைமேல் உட்காரவைத்துப் படம் எடுக்கும் போட்டோக்காரர் கடைக்கு வந்து, குதிரைச் சாமான் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்கச் சொன்னார்கள் என்கிறார். மறுநாள் கழுதை வைத்திருக்கும் செங்கல்சூளைக்காரர். என்னிடம் இல்லாத சாமானுக்கு வழிகேட்டு வருகிறார்கள்! முகப்பட்டைக்குப் பை தைக்கிறவரிடம் சொல்லி, என் கடையிலேயே நான்கைந்து தொங்கவிட்டிருக்கிறேன்.

இனிப் பாடம். லாரிப் பலகைக்குப் பதிலாக முதலில் தரையில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நடத்திப் பழக்கு என்றீர்கள். தேடிப்பார்த்ததில் நம் கடையின் பழைய பெயர்ப்பலகைதான் அகப்பட்டது. தகரப்பலகை மாட்டியபோது கழற்றிப் பரணில் போட்டிருந்தோமே, அதுதான். தேக்கு, கனமும் அகலமும் உண்டு. அதைக் கொல்லையில் கிடத்தினேன். சீமாட்டி தூரத்தில் நின்று பார்த்தாள். ஒரு காது பலகைப் பக்கம், ஒரு காது என் பக்கம். இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது! பிறகு தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு எழுத்தாக முகர்ந்தாள். மூச்சு விட்டதில் எழுத்துகளின் பள்ளத்தில் இருந்த தூசி எல்லாம் பறந்துவிட்டது. முன்னங்காலைத் தூக்கி, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்கிற மாதிரி, மெல்லத் தட்டினாள். டொம். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றேன். மறுபடியும் தட்டினாள். அப்புறம் அந்தக் காலை எடுக்கவே இல்லை.

ஓடவும் உதைக்கவும் சந்தையே சிதறும்படி பாயவும் பலம் உள்ள ஒரு ஜீவன், நான் பிடித்த நூல் மாதிரியான கயிற்றுக்கு மறுமுனையில், ஒரு பலகையை யோசித்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் அக்கா ஜன்னலிலிருந்து, "என்ன, கோயில் சிலை மாதிரி நிக்கிற" என்று கேட்டபிறகுதான் சுயநினைவு வந்தது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் மறுபடியும் கடையை ஒழித்துவிட்டு உடனே கிளம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். தொப்பி தயார், லாரியில் வரும்.

இப்படிக்கு,
பிரஷ்ஷும் கையுமாக, உங்கள் வீட்டுக்காரி.


அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் நலம், என் மூக்கைத் தவிர. அது உடைந்துவிட்டது. பயப்படாதீர்கள், குதிரை உதைக்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தில் நானே போய் இடித்துக்கொண்டேன்.

பெயர்ப்பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல் வைத்து லாரிப் பலகை மாதிரி சாய்வாக்கினேன். சீமாட்டி முன்னங்கால் இரண்டையும் வைத்தாள். வைத்த வேகத்தில் பின்வாங்கி இறங்கினாள். பாவம், பயந்துவிட்டாளே என்று கழுத்தைத் தடவி, பயப்படாதேடி என்று சொல்லி ஒரு கேரட் கொடுத்தேன். மறுபடி ஏறினாள், இறங்கினாள், தேற்றினேன், கேரட். இப்படியே வாரம் முழுக்க. நாளுக்கு நாள் எவ்வளவு சுறுசுறுப்பு என்கிறீர்கள்! நான் கூப்பிடாமலேயே போய் இரண்டு காலை வைக்கிறாள், டக்கென்று இறங்குகிறாள். ஆனால் மூன்றாவது கால் மட்டும் மேலே வரமாட்டேன் என்கிறது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, பயமே போய்விட்டது என்று உங்கள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையோடு வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். சீமாட்டி ஏறினாள், இறங்கினாள், நேராக என் இடுப்புப் பையில் மூக்கை நுழைத்தாள். உங்கள் அக்கா, "இவளுக்கு ஏற எங்கே சொல்லிக் கொடுத்த? எறங்கினா கேரட்டுன்னுல்ல சொல்லிக் கொடுத்திருக்க" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், சிரித்த சிரிப்பில் ஊசியைத் தொலைத்துவிட்டார். இன்றுவரை கிடைக்கவில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாய்க்காரர்கள் எத்தனை பேருக்கு நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்திருப்பேன்! குலைக்கும்போது பிஸ்கட் போடாதீர்கள், அப்புறம் பிஸ்கட்டுக்காகவே குலைக்கும் என்று. நீங்களே கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். அதே நான், அவ்வளவு பெரிய உருவம் பயப்படுகிறதே என்று மனசு இளகி, பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் பரிசு கொடுத்திருக்கிறேன். சீமாட்டிமேல் ஒரு தப்பும் இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை நூற்றுக்கு நூறு சரியாகச் செய்திருக்கிறாள். அதுதான் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. நாம் வாயால் சொல்வது எதையும் அவள் கேட்பதே இல்லை. நம் கை எந்த நிமிஷம் என்ன செய்கிறது என்பதை மட்டும் படித்துக்கொண்டே இருக்கிறாள்.

கதை கந்தலானதும் புதிதாக ஆரம்பித்தேன். இறங்கினால் திட்டும் கிடையாது, கேரட்டும் கிடையாது. கயிற்றில் லேசான அழுத்தம், அவ்வளவுதான். முன்னால் சாய்ந்தால் தளர்வு. மேலே நின்றால், நிற்கும்போதே கேரட். முதலில் சீமாட்டி அம்மாவுக்குக் கோபமான கோபம். என் இடுப்புப் பையின் வாரைக் கடித்துப் பிய்த்துவிட்டாள். பிய்க்கட்டும் என்று விட்டேன். நேற்றுக் காலை கடை திறக்கும் முன்னால் அவளோடு நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது கால் வந்தது. நான் மூச்சைக்கூட மாற்றவில்லை. நாலாவதும் வந்தது. பெயர்ப்பலகைமேல் நாலு காலையும் வைத்து நின்று, தலையைத் தொங்கவிட்டு, உதட்டை மென்று, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். குதிரை பெருமூச்சு விடும் என்று எனக்கு ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை? கூடவே நானும் விட்டேன். என் நெஞ்சுக்குள் எதையோ எவ்வளவு நாளாக இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

தரகர் மறுபடியும் வந்தார். "கண்ணைக் கட்டிட்டா எந்தக் குதிரையும் ஏறிடும்மா, எதுக்கு இவ்வளவு பாடு" என்றார். உங்கள் கண்ணைக் கட்டி நான் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனாலும் லாரி கிளம்பும் அன்றைக்கு எதிர்ச்சாரியில் வந்து நிற்பார் பாருங்கள்.

கடையைப் பற்றி நீங்கள் எப்போதும் கேட்பதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கிளிகள் எல்லாம் ஒரே குரலில் என்னை வைய ஆரம்பிக்கின்றன. பார்வை போன அந்த ஓய்வுபெற்ற வாத்தியார் இன்னும் தினமும் வருகிறார். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் நீர்க்குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். போகும்போது "இன்னிக்குத் தண்ணி கொஞ்சம் கனமா இருக்கு, மாத்திடும்மா" என்பார். மாற்றினால் உண்மையிலேயே அழுக்காகத்தான் இருக்கும். சும்மா சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

உங்கள் கடைசி வரிக்கு இந்தத் தடவையும் பதில் இல்லை. இருமல் இன்னும் இருக்கிறது என்பதை எழுத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், வரிகள் அங்கங்கே குலுங்கியிருக்கின்றன. சுடுதண்ணீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
வார் அறுந்த பையோடு, உங்கள் வீட்டுக்காரி.


அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள் பிரிக்கும்போது சீமாட்டி லாரியில் உங்கள் எதிரில் நிற்பாள். முதலில் அவளைப் பாருங்கள், பிறகு இதைப் படியுங்கள். அவசரம் இல்லை.

லாரி வீட்டு வாசலில் நிற்கிறது. லாரிக்காரர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நான் கல்லாமேல் வைத்து, அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். ஏறிவிட்டாள்! தானாக ஏறினாள். நான் பார்த்தேன், தெருவே பார்த்தது.

விடிந்ததிலிருந்தே கூட்டம். பை தைக்கிறவர், மாவுமில்காரர், போட்டோக்காரர், எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். தரகரும் நான் சொன்னபடியே எதிர்ச்சாரியில் வந்து நின்றார். லாரி ஆள் ஒருவர் கையில் பிரம்பு இருந்தது. உங்கள் அக்கா போய் அதை வாங்கி, தன் முக்காலிக்கு அடியில் போட்டு, மேலே உட்கார்ந்துவிட்டார். யாரும் சத்தம் போடக்கூடாது, பின்னால் யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு நான் சீமாட்டியைக் கூட்டிவந்தேன்.

சரிவுப் பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அது மரம் இல்லை, இரும்புத் தகடு அடித்தது. போன தடவை நடந்தது எல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும், கழுத்து நரம்பு புடைத்தது. நான் கூடவே நின்றேன். லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மழை மேகம் கூடிக்கொண்டு வருகிறது, தரகர் தொண்டையைக் கனைக்கிறார். இன்றைக்கு ஏறாவிட்டால் அவள் தரகர் கைக்கு, உங்கள் வேலை காற்றில். கையிலிருந்த கயிறு தானாகவே இறுகியது. இறுகியதும் அவள் பின்னால் சாய்ந்தாள். அப்போதுதான் தளர்வுதான் பாடம் என்ற உங்கள் வாக்கியம் என் காதில் விழுந்தது. விரலைத் திறந்துவிட்டேன்.

பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. கொல்லைக்குப் போய் நம் பழைய பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, மாவுமில்காரரும் நானுமாக அந்த இரும்பின்மேல் பொருத்திப் போட்டோம். சீமாட்டி தலையைத் தாழ்த்தி முகர்ந்தாள். அதே எழுத்து, அதே தேக்கு வாசனை. நான் அவளைப் பார்க்காமல், முதலில் நானே ஏறி, உள்ளே போய், கயிற்றைத் தொங்கலாக விட்டுக்கொண்டு நின்றேன். முதல் கால், டொம். நின்று யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு ஆயுள் மாதிரி இருந்தது. இரண்டாவது கால். ஒரு தடவை பின்வாங்கினாள், தெருவில் எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் கயிற்றை இறுக்கவில்லை. மறுபடி ஏறினாள். மூன்று. நாலு. அப்புறம் இரும்புத் தரைமேல் ஒவ்வொரு அடியாக, என் பக்கத்தில் வந்து நின்றாள். என் கால்விரல் இருந்த இடத்தில் வைக்கப்போன குளம்பை, அந்தரத்திலேயே நிறுத்தி, கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாராலும் ஏற்ற முடியாத ஒரு மலையே, தானாக மனசு வைத்து ஏறி வந்து, என் விரலை மிதிக்காமல் நிற்கிறது! கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். கேரட் கொடுக்க மறந்தே போய்விட்டேன், அவளே பையில் மூக்கை விட்டு எடுத்துக்கொண்டாள்.

கீழே இறங்கியபோது தரகர்தான் முதலில் கைதட்டினார், நம்புவீர்களா?

இறக்கும்போது அவசரப்படாதீர்கள். அவள் பின்னோக்கித்தான் இறங்கவேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி, அந்தப் பாடத்தை நான் நன்றாகவே நடத்தியிருக்கிறேன். பெயர்ப்பலகையையும் லாரியிலேயே வைத்து அனுப்புகிறேன், அதைப் போட்டால்தான் கால் வைப்பாள். முகப்பட்டை, பிரஷ், கொக்கி, உப்புக்கட்டி ஒரு சாக்கிலும், உங்கள் தொப்பி தனியாகவும் இருக்கின்றன. கூடவே ஒரு பொட்டலத்தில் இருமலுக்கு மருந்து.

இனி அந்தக் கடைசி வரி. உங்கள் அக்கா மெஷினைத் துணி போட்டுக் கட்டி வைத்துவிட்டார். "எனக்கு ஒரு ஜன்னலும் வெளிச்சமும் இருந்தா எந்த ஊரா இருந்தா என்ன" என்கிறார். நான் ஒருத்திதான் நிற்கிறேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் வா வா என்று இழுக்கிறீர்கள், நான் ஒவ்வொரு தடவையும் பின்னால் சாய்கிறேன். உங்கள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. எனக்கும் அந்த இரும்புப் பலகை சத்தம் போடுகிறது. அங்கே போய் நான் யார்? இங்கே கிளிகூட என்னை வைகிறது, மீன்தொட்டித் தண்ணீர் கனமானால் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். குதிரைக்குச் சொன்னீர்களே அந்த அருமையான வாக்கியம், அதை ஒருநாள் எனக்கும் எழுதியிருக்கலாம்.

கேட்கத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. உங்கள் பள்ளியில் இத்தனை குதிரைகள் இருக்கின்றன, சாமான் எல்லாம் கீழேயிருந்துதான் வரவேண்டியிருக்கிறது என்று ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டிருந்தீர்கள். பள்ளி வாசல் பக்கமாக ஒரு சின்ன அறை இருக்கிறதா? ஷட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கதவு போதும். ஈரம் இல்லாமல் இருந்தால் கிளிகளுக்கு நல்லது. விசாரித்துச் சொன்னால் போதும்.

சீமாட்டி இறங்கிய பிறகு பலகையைத் துடைத்து, மழைபடாத இடத்தில், பெயர் வெளியே தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்து வையுங்கள். ஆணி அடித்து மாட்டிவிடாதீர்கள். அப்படியே சாய்ந்திருக்கட்டும்.

உடனே கிளம்பி வா என்று பதில் எழுதாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். முன்னங்கால் இரண்டையும் வைத்திருக்கிறேன். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றுகொண்டிருங்கள்.

நீங்களும் சீமாட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கம் சாய்ந்து நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி.